மலையேறிய தெய்வங்கள் – 12: பரிவட்டம் கைமாறிய காலம்

ஒரு தோட்டத்தில் யார் பெரியவர் என்று தெரிந்துகொள்ள, அங்கே மாரியம்மன் திருவிழாவில் பரிவட்டம் யார் தலையில் ஏறுகிறது என்று பார்த்தால் போதும். அம்மன் மேல் சாத்திய பட்டுத்துணியைப் பூசாரி எடுத்து ஒருவர் தலையில் சுற்றிக் கட்டுவார். அதன் பிறகே தீபாராதனைத் தட்டு மற்றவர்களிடம் வரும். இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் பல தலைமுறைகளாக அந்தத் துணி பெரிய கங்காணியின் தலைக்கே போனது. 1930களின் இறுதியில் அது இறங்கத் தொடங்கியது. 1970களின் நடுப்பகுதிக்குள் முற்றாகக் கைமாறிவிட்டது.

வழிபாடு மாறவில்லை என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். காப்பு கட்டுவது, கரகம் பாலிப்பது, தீச்சட்டி எடுப்பது, மஞ்சள் நீராடுவது எல்லாம் அப்படியேதான் இருந்தன. மாறியது வேறு: யார் காப்பு கட்டுவது, யார் பணம் கொடுப்பது, யார் கணக்குக் கேட்பது. ஒரு மரபு காலத்துக்கு ஏற்ப வளையும்போது முதலில் வளைவது இந்த இடத்தில்தான். இந்தப் பகுதி அந்த முப்பத்தைந்து ஆண்டுகளைப் பற்றியது.

முன்கதை

திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கும் அங்கிருந்து மலைக்கும் நடந்து வந்தவர்களின் கதையை இதுவரை பார்த்தோம். கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது.

தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதனால் குடும்பமாகத் தங்கினார்கள். தங்கியதால் வரிசை வீடுகளான லயம் வந்தது. லயத்தில் பிள்ளைகள் பிறந்தார்கள், பெரியவர்கள் இறந்தார்கள். பிறப்புக்கும் இறப்புக்கும் தெய்வம் தேவைப்பட்டது.

ஊர்க்கோயிலிலிருந்து துணியில் முடிந்து கொண்டுவந்த பிடிமண், மரத்தடியில் ஒரு கல், பக்கத்தில் ஒரு சூலம். பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகலை, ஹாலிஎல, தெமோதரை, ஹப்புத்தளை, பூனாகலை என்று ஊவாவின் மலைகளில் தோட்டக் கோயில்களுக்கு அடிப்படை இதுவே. 1886இல் ஊவா தனி மாகாணமானது. 1924 ஏப்ரலில் புகையிரதம் பதுளை வரை வந்து சேர்ந்தது. அதற்குள் பல தோட்டங்களில் மரத்தடிக் கல்லுக்குத் தகரக் கூரையும் சுவரும் வந்துவிட்டன.

கங்காணியின் கோயில்

கூரை போட்டவர் பெரிய கங்காணி. ஆள் கட்டி வந்தவர் அவர், முற்பணம் கொடுத்தவர் அவர், வெள்ளைக்கார மேலாளரான தொரையிடம் பேசுபவரும் அவர். கோயிலுக்கு இடம் கேட்டு வாங்கியதும் அவரே. ஆகவே தர்மகர்த்தாவும் அவரே ஆனார். விழா நாளில் தொரை பங்களாவிலிருந்து வந்து மாலை வாங்கிக்கொண்டு போனால், அவர் பக்கத்தில் கங்காணி நின்றார்.

அந்த நிற்றலுக்குப் பின்னால் ஒரு பணக்கணக்கு இருந்தது. வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. தொழிலாளியின் பெயரில் அவர் வைத்திருந்த கடன் ‘துண்டு’ எனும் சீட்டில் ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடனைப் புதிய தோட்டம் தீர்த்தாக வேண்டும். அந்தக் கடனும் மீண்டும் தொழிலாளி தலையிலேயே விழும். கங்காணி கோயிலுக்கு அள்ளிக் கொடுத்தார் என்று சொல்லப்படுவது உண்மை. அந்தப் பணத்தின் ஊற்று தொழிலாளியின் உழைப்பே என்பதும் உண்மை. இரண்டாவதையும் சேர்த்து எழுதாத தோட்ட வரலாறு அரைகுறையானது.

சாதி ஒழுங்கும் கோயிலுக்குள் வந்தது. பெரிய கங்காணிகளில் பலர் ஊரில் நிலம் வைத்திருந்த சாதியினர். கூட்டி வரப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். லயங்களே சாதி பார்த்து ஒதுக்கப்பட்ட காலம் அது. காலையில் வேலைக்கு ஆள் சேரும் பெரட்டுக்களத்துக்கு ஆட்களை எழுப்பிய தப்புப் பறை, விழாவில் அம்மனையும் அழைத்தது. அடித்தவர்கள் தோட்டத்தின் கடைசி வரிசையில் நிறுத்தப்பட்டவர்கள். அவர்கள் அடிக்காமல் சாமி வராது. சாமி வந்தபின் முன்னால் நிற்க அவர்களுக்கு இடமும் இல்லை.

ஸ்டோருக்குள் ஒரு முனி

கங்காணியின் பிடிக்குள் வராத தெய்வங்களும் இருந்தன. அவை வேலை நடக்கும் இடத்திலேயே பிறந்தவை.

தொழிற்சாலையைத் தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என்பார்கள். கொழுந்து வாட்டும் மாடி, இலையை முறுக்கும் ரோலர், பதம் வந்த தூளைக் காயவைக்கும் அடுப்பு, சலிக்கும் இயந்திரம் என்று அது இயங்கும். பழைய ஸ்டோர்களில் பலவற்றை ஓட்டியது ஓடைத் தண்ணீர். தண்ணீர் பெரிய ரோதையைச் சுழற்றும், ரோதையிலிருந்து தோல்வார்கள் வழியாக மற்ற இயந்திரங்களுக்குச் சுழற்சி போகும். இரவு முழுவதும் ஓடும் அந்த வாரில் அசந்த ஒரு கணம் கை சிக்கினால் கை போகும், சில வேளை உயிரே போகும்.

அங்கே உருவானவர் ரோதை முனி. தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்திலும் அவருக்குக் கோயில் இல்லை, இருக்கவும் முடியாது. வயல்வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் காவல் நின்ற முனி, ஊவா மலையில் இரும்புச் சக்கரத்துக்குக் காவல் ஏற்றார். சுருட்டு, சாராயம், சேவல் என்று முனிக்கு உரிய படையல் அவருக்கும் உண்டு. ஆயுத பூசை நாளில் இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கும்போது முதல் கற்பூரம் முனிக்கு ஏற்றப்படும்.

கவ்வாத்துச் சாமியும் அப்படிப்பட்டவரே. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு மலையிலும் தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளுவார்கள். கூரான கவ்வாத்துக் கத்தி வழுக்கினால் காலைப் பிளந்துவிடும். எனவே முதல் செடியில் கத்தி வைக்கும் முன் தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றுவார்கள். கொழுந்துக்கும் ஒரு சாமி உண்டு.

பழைமை என்பது அப்படியே தூக்கிக்கொண்டு வரப்பட்ட மூட்டை என்று நினைப்பவர்களுக்கு ரோதை முனி ஒருவரே போதிய பதில். சாத்திரம் படித்த எவரும் அவரை உருவாக்கவில்லை. எழுத்தறியாத தொழிலாளர்கள், புதிய ஆபத்தைத் தங்களுக்குத் தெரிந்த தெய்வ மொழியில் எதிர்கொண்டார்கள். இந்த நாட்டுத் தமிழரின் சமய வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை.

கணக்கு மாறுகிறது

கங்காணியின் பிடி ஒரே நாளில் தளரவில்லை. மூன்று முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

முதல் முடிச்சு 1921இல் அவிழ்ந்தது. துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடனைக் காட்டி ஆளைக் கட்டிவைக்கும் அதிகாரம் போனது.

இரண்டாவது முடிச்சு 1927இல். இந்தியத் தொழிலாளர் சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வழி செய்தது. தொழிலாளியின் கூலி இனிக் கங்காணியின் தயவு அல்ல, சட்டத்தின் கணக்கு. இதே காலத்தில்தான் தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் நுழைந்தார். வெளியார் உள்ளே வந்தால் அத்துமீறல் வழக்குப் பாயும் என்பதால் புடைவை வியாபாரி வேடத்தில் அவர் போனதாகச் சொல்வார்கள். 1931இல் ஹட்டனைத் தளமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர்களுக்கென ஒரு சம்மேளனத்தை அமைத்தார்.

மூன்றாவது முடிச்சு மிகப் பெரியது. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் போவதைத் தடை செய்தது. கொழும்பில் இந்திய வம்சாவளியினரை அரசுத் துறை வேலைகளிலிருந்து நீக்கும் முயற்சிக்கு எதிராக எடுக்கப்பட்ட முடிவு அது. அதன் விளைவு மலைக்கும் வந்தது. இனி ஆள் கட்டி வர முடியாது. ஆள் கட்ட முடியாத கங்காணிக்குத் தோட்டத்தில் பழைய பெறுமதி இல்லை.

இந்தத் தடைக்கு ஒரு சமய விளைவும் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. புதிய ஆள் வராவிட்டால் புதிய பிடிமண்ணும் வராது. பரம்பரைப் பூசாரியை ஊரிலிருந்து அழைத்துவர வழியில்லை. வசதி படைத்த சிலர் குலதெய்வத்துக்கு நேர்த்தி செய்ய அக்கரைக்குப் போய் வந்தார்கள். மற்றவர்களுக்குக் குலதெய்வம் தாத்தா சொன்ன ஊர்ப்பெயராக மட்டும் எஞ்சியது. ஆகவே எல்லாக் குலத்துக்கும் பொதுவாக நின்ற தோட்டத்து மாரியம்மன் வளர்ந்தாள். ‘எங்கள் ஊர்’ என்று சொன்னால் அது தோட்டத்தைக் குறிக்கத் தொடங்கியது. நாடு அவர்களை அந்நியர் என்று சொல்லத் தயாராகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் கோயில் அவர்களை இந்த மண்ணில் ஊன்றிக்கொண்டிருந்தது.

வெவெஸ்ஸ, 1940 மே

1940ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம். ஜனவரியில் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். செய்தி மலை மலையாகப் பரவியது. ஏப்ரல், மே மாதங்களில் வேலைநிறுத்த அலை ஊவாவைத் தொட்டது.

பதுளைப் பகுதியின் வெவெஸ்ஸத் தோட்டத்தில் நடந்தது, அதுவரை எந்தத் தோட்டமும் காணாதது. லங்கா சமசமாஜக் கட்சி சார்ந்த தொழிற்சங்கத்தின் கீழ் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். கங்காணி நியமித்த சபை அல்ல, கையுயர்த்தித் தெரிந்த சபை. அந்தச் சபையைக் கலந்தே தோட்டத்தை நடத்துவதாகத் தொரை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

அடக்குவதற்கு ஆயுதம் தாங்கிய பொலிஸ் குழு ஒன்று வந்தது. தொழிலாளர்கள் அவர்களைச் சூழ்ந்து ஆயுதங்களைப் பறித்துக்கொண்டார்கள்.

மே 12ஆம் திகதி பதுளையில் தடையை மீறிக் கூட்டம் நடந்தது. சமசமாஜக் கட்சித் தலைவர் என். எம். பெரேரா பேசினார். கூடியிருந்த மக்களின் முன் பொலிசார் செயலற்று நின்றார்கள். ஜூன் மாதம் கட்சித் தலைவர்கள் கைது செய்யப்பட்டார்கள், அலை அடக்கப்பட்டது. வெவெஸ்ஸச் சபையும் நிலைக்கவில்லை.

ஆனால் ஒரு காரியம் நடந்துமுடிந்திருந்தது. தோட்டத்து மக்கள் ஒன்றாகக் கூடிய இடங்கள் அதுவரை இரண்டுதான்: தப்படித்து அழைத்த பெரட்டுக்களம், கங்காணி அழைத்த கோயில் முன்றில். தாங்களே அழைத்து, தாங்களே கூடி, தாங்களே ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று ஊவாத் தொழிலாளர்கள் கண்டுகொண்டார்கள். தொரையின் முன்னால் அது முடியும் என்றால் அம்மன் முன்னால் ஏன் முடியாது?

தலைவர் வருகிறார்

1939இல் தொடங்கிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் அடுத்த ஆண்டே தொழிற்சங்கமும் தொடங்கியது. 1947 பொதுத்தேர்தலில் அதன் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். பதுளையிலிருந்து போனவர் எஸ். எம். சுப்பையா. அடுத்த ஆண்டு, 1948இன் குடியுரிமைச் சட்டம், அவர்களைத் தேர்ந்தெடுத்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1952 தேர்தலில் மலையகத் தோட்டங்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை.

வாக்கு பறிபோன மக்களுக்குத் தேர்ந்தெடுக்க எஞ்சியவர் ஒருவரே: தோட்டத் தொழிற்சங்கத் தலைவர். அதனால் அந்தப் பதவிக்கு, ஒரு சங்கக்கிளைப் பொறுப்புக்கு இயல்பாக இருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு கனம் வந்தது. சாவு வீடு, கல்யாண வீடு, பொலிஸ் நிலையம், தொரையின் கந்தோர் எல்லாவற்றுக்கும் தலைவர். பிறகு கோயிலுக்கும் தலைவர்.

கைமாற்றம் பெரும்பாலும் சண்டையில்லாமலே நடந்தது. பெரிய கங்காணி வயதாகி இறப்பார் அல்லது இந்தியாவுக்குத் திரும்புவார். மகன் நகரத்தில் கடை வைத்திருப்பார். அடுத்த திருவிழாவுக்குக் காப்பு கட்ட ஆள் வேண்டும். தோட்டக் கமிட்டி கூடித் தலைவரைச் சொல்லும். பூசாரி பரிவட்டத்தை எடுத்து, சென்ற மாதம் வரை சக தொழிலாளியாகக் கவ்வாத்து வெட்டியவர் தலையில் சுற்றுவார். ஆண்ட சாதியின் தலையில் மட்டும் ஏறிய துணி, பல தோட்டங்களில் முதன்முறையாகத் தப்படித்தவர்களின் சொந்தக்காரர் தலையில் ஏறியது. வெளியே இருந்து பார்த்தால் சிறிய சடங்கு. தோட்டத்துக்குள் அது ஒரு புரட்சி.

சண்டை பிறகு வந்தது. 1950இல் காங்கிரஸ் சங்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. சில ஆண்டுகளில் அப்துல் அசீஸ் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸைத் தொடங்கினார். 1965இல் வெள்ளையன் தொழிலாளர் தேசிய சங்கத்தை அமைத்தார். ஒரு தோட்டத்தில் இரண்டு சங்கம், மூன்று சங்கம் என்றானபோது, எந்தச் சங்கத்துத் தலைவருக்குப் பரிவட்டம் என்ற கேள்வி விழாவையே நிறுத்தும் அளவுக்குப் போனது. மேல்டிவிசனுக்கு ஒரு கோயில், கீழ்டிவிசனுக்கு ஒரு கோயில் என்று பிரிந்த இடங்களும் உண்டு. ஆண்டுக்கொருவர் என்று முறை வைத்துத் தீர்த்துக்கொண்ட இடங்களும் உண்டு. முறை வைத்தவர்கள் செய்தது பெரிய காரியம்: பிறப்பால் வந்த மரியாதையைப் பதவியாலும் அல்லாமல், பங்கால் வருவதாக ஆக்கினார்கள்.

செக்ரோலில் ஏறிய சாமி

பணம் வரும் வழியும் மாறியது. ஒருவர் கொடையில் நடந்த கோயில் எல்லோர் சந்தாவில் நடக்கத் தொடங்கியது. மாதச் சம்பளத்தில் சங்கச் சந்தாவைப் பிடிப்பதுபோலக் கோயில் பணமும் செக்ரோல் எனும் சம்பளப் பதிவேட்டில் பிடிக்கப்பட்டது. தோட்ட நிர்வாகமே பிடித்துக் கமிட்டியிடம் கொடுக்கும். சம்பளச் சீட்டில் அரிசிக்கும் முற்பணத்துக்கும் இடையே மாரியம்மனுக்கும் ஒரு வரி.

எல்லோர் பணமும் போனதால் எல்லோருக்கும் கணக்குக் கேட்கும் உரிமை வந்தது. விழா முடிந்து மஞ்சள் நீராட்டும் ஆன பிறகு, கோயில் முன்றிலில் கூட்டம் போட்டு வரவு செலவு வாசிப்பது வழக்கமானது. தேர் அலங்காரம் இவ்வளவு, மேளம் இவ்வளவு, அன்னதானம் இவ்வளவு. கங்காணியிடம் கணக்குக் கேட்க எவருக்கும் துணிவு இருந்ததில்லை. கமிட்டியிடம் கேட்டார்கள், திட்டினார்கள், அடுத்த ஆண்டு மாற்றினார்கள்.

இந்தச் சனநாயகத்துக்கு ஓர் ஓரம் இருந்தது. தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். செக்ரோலில் அவர்கள் பெயரிலும் கோயில் பணம் பிடிக்கப்பட்டது. முளைப்பாரி வளர்த்தது, தீச்சட்டி ஏந்தியது, மாவிளக்கு இடித்தது எல்லாம் அவர்கள். கமிட்டியிலோ ஆண்கள் மட்டும். தொழிற்சங்கங்கள்கூட மாதர் தலைவி என்றொரு பதவியை வைத்திருந்தன. கோயில் அதையும் வைக்கவில்லை. கங்காணியிடமிருந்து பரிவட்டத்தை வாங்கியவர்கள் அதைப் பாதிப் பேருக்குள் மட்டுமே சுற்றவிட்டார்கள். இது இந்த மாற்றத்தின் மிகப் பெரிய குறை. இன்றும் பெருமளவு தீராத குறை.

ஒப்பாரிக் கோச்சி

1964 அக்டோபர் 30. புதுடெல்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாருடைய வாழ்க்கை பிரிக்கப்பட்டதோ அவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை. பதுளை நிலையத்தில், பண்டாரவளையில், ஹப்புத்தளையில் கோச்சி நின்றபோது ஏறியவர்களும் ஏற்றிவிட வந்தவர்களும் அழுத அழுகையால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்தது. அங்கிருந்து தலைமன்னார், கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். 1980களின் நடுப்பகுதிக்குள் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் அனுப்பப்பட்டார்கள்.

ஒரு திருவிழாவை நடத்த எத்தனை பேர் தேவை என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை, ஆட்கள் போகும் வரை. காமன் கூத்தை எடுத்துக்கொள்ளலாம். மாசி மாதம் வளர்பிறையில் காமன் கம்பம் நட்டு, பௌர்ணமியை ஒட்டிய இரவில் மன்மதனைச் சிவன் எரிக்கும் கதையை லயம் லயமாக ஆடி, விடியும் முன் தகனம் செய்வார்கள். ரதி, மன்மதன், தூதன், வீரபத்திரன், எமன் என்று ஒவ்வொரு வேடத்துக்கும் விரதமிருக்கும் ஆள் வேண்டும். பாட்டு முழுவதும் மனப்பாடமான வாத்தியார் வேண்டும். தப்புக்காரர் வேண்டும். வேடம் பல இடங்களில் குடும்ப வழியில் போவது. பாட்டு ஏட்டிலும் நினைவிலும் மட்டுமே இருப்பது.

வாத்தியார் கோச்சி ஏறினால் பாட்டும் ஏறிவிடும். அப்படிக் கூத்து நின்றுபோன தோட்டங்கள் உண்டு. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாத்தியாரை அழைத்து, வேறு சாதிப் பையனுக்கு ரதி வேடம் கட்டித் தொடர்ந்த தோட்டங்களும் உண்டு. முன்பு நடக்கவே முடியாதது அது. ஆள் பற்றாக்குறை சாதி வரிசையை உடைத்தது. விதியை மாற்றியவர்கள் சீர்திருத்தவாதிகள் அல்லர்; கூத்து நின்றுவிடக் கூடாது என்று தவித்தவர்கள். மரபைக் காப்பாற்றும் ஆசையே மரபை மாற்றியது.

தொரை போனார், ஐயர் வந்தார்

1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம். 1975இல் அதன் இரண்டாம் கட்டம், கம்பனித் தோட்டங்கள் அரசுடைமை. வெள்ளைத் தொரைமார் கப்பலேறினார்கள். முதல் கட்டத்தில் கையேற்கப்பட்ட தோட்டங்கள் பலவற்றில் நிர்வாகம் சீர்குலைந்தது. 1973, 1974இல் மாவுக்கும் அரிசிக்கும் பஞ்சம். மலையகத் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. துரத்தப்பட்டவர்கள் நகரத் தெருக்களில் கையேந்தினார்கள். அந்த ஆண்டுகளில் விழா நடக்காத கோயில்கள் இருந்ததில் வியப்பில்லை.

சமயம் ஏழையின் பக்கம் எப்படி நிற்பது என்ற கேள்வி அப்போது கோயிலுக்கு மட்டும் எழவில்லை. 1972 டிசம்பரில் கத்தோலிக்கத் திருச்சபை பதுளையைத் தனி மறைமாவட்டமாக்கியது. கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார, வசதியான அந்தப் பீடத்தை விட்டு இந்த ஏழை மறைமாவட்டத்துக்குத் தாமே விரும்பி வந்தார். பண்டாரவளையில் ‘சேவக செவன’ என்ற நிலையத்தை நிறுவினார். குருமாணவர்கள் மதில்களுக்குள் இறையியல் படிப்பதோடு நில்லாமல், கிராமத்திலும் தோட்டத்திலும் மக்களோடு இருந்து படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் திறந்த கதவு, ஊவாவில் இப்படித் தெரிந்தது.

தோட்டக் கோயில் எடுத்த வழி வேறு. பஞ்சம் ஓய்ந்து கை சற்று நிமிர்ந்ததும் கமிட்டிகள் கோயிலைப் பெரிதாகக் கட்டத் தொடங்கின. தகரக் கூரை போய்க் கோபுரம் வந்தது. கல்லும் சூலமும் இருந்த இடத்தில் தமிழ்நாட்டுக் கருங்கல் விக்கிரகம். கும்பாபிஷேகம் செய்து வைக்கக் குருக்கள் வேண்டும். பரம்பரையாக உடுக்கடித்த பூசாரிக்கு மந்திரம் தெரியாது. ஐயர் அழைக்கப்பட்டார், பூசாரி வெளி மண்டபத்துக்கு நகர்ந்தார். நாதஸ்வரமும் தவிலும் வாடகைக்கு வந்தன. தப்பு கோயில் எல்லைக்கு வெளியே ஒதுங்கியது. கிடாவும் சேவலும் மாடசாமிக்கும் முனியாண்டிக்கும் தோட்டத்து ஓரத்தில் மட்டும் என்றானது.

கோபுரம் கட்டியவர்களின் மனம் புரியக்கூடியது. ‘கள்ளத்தோணி’ என்று பழிக்கப்பட்ட மக்கள், நகரத்துக் கோயில்களுக்குச் சமமான கோயில் தங்களுக்கும் உண்டு என்று காட்ட விரும்பினார்கள். அந்தப் பெருமைக்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆயினும் இழந்ததையும் சொல்லியாக வேண்டும். சொந்தக் கையால் தொட்டு மஞ்சள் பூசிய அம்மனை இப்போது கம்பிக்கு வெளியே நின்று கும்பிட வேண்டியிருந்தது. கங்காணியிடமிருந்து மீட்ட உரிமையின் ஒரு பகுதியை மக்கள் தாங்களே ஐயரிடம் கொடுத்தார்கள். தப்பை வெளியே தள்ளிய முடிவு, அம்மனை நூறாண்டுகளுக்கு மேல் எழுப்பியவர்களுக்குச் செய்த அநீதி. அந்தத் தப்பு பின்னாளில் மேடைக்கும் போராட்ட வீதிக்கும் மலையகத்தின் அடையாளமாகத் திரும்பி வந்த கதை தனியே சொல்லப்பட வேண்டியது.

ரோதை முனிக்கு எவரும் கோபுரம் கட்டவில்லை. மின்சாரம் வந்து தண்ணீர் ரோதைகள் ஓய்ந்தன. ஆயுத பூசை மட்டும் ஸ்டோர்களில் தொடர்ந்தது.

1977 ஆகஸ்ட் வன்முறை தோட்டங்களைத் தாக்கியது. பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்தார்கள். 1983 ஜூலை 27ஆம் திகதி பதுளை நகரம் எரிந்தது. பசறை, லுணுகலை, பண்டாரவளை, வெலிமடை என்று தீ பரவியது. அதுவரை இந்தியாவுக்குப் போக மனமில்லாமல் நாளைத் தள்ளிப்போட்டவர்களில் பலர் அத்துடன் மூட்டை கட்டினார்கள். அடுத்த ஆண்டுக்குள் தலைமன்னார்க் கப்பலும் நின்றுவிட்டது.

1964 ஒப்பந்தத்துக்குப் பிந்தைய இந்த இருபதாண்டுப் போக்குவரத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு முடிவை எடுக்க வேண்டியிருந்தது. அக்கரையிலிருந்து ஒரு பிடி மண்ணோடு தாத்தா வந்தார். பேரன் திரும்பிப் போகும்போது எந்த மண்ணை எடுத்துப் போவது? நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் தமிழக அரசு திறந்த தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள் எந்தத் தெய்வத்தை முதலில் நட்டார்கள்? இங்கே லயத்தோரம் விட்டுப்போன குலதெய்வங்களுக்கு அடுத்த ஆண்டு விளக்கு ஏற்றியவர் யார்? அடுத்த வாரம் பார்ப்போம்.